மூட மறுத்த ஜன்னல்

புதுக்கோட்டை என்று சொன்னதும், "தொண்டைமான் மகாராஜா ஊரா?" என்று கேட்கிறார்கள். இல்லை. அத்தனை பெருமை எங்களுக்குக் கிடையாது. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் பெருஞ்சாலையில் இருக்கிற சின்னப் புதுக்கோட்டை எங்களுடையது. வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் ஐப்பசி பிறந்து கொண்டல் காற்றுத் திரும்பிவிட்டால், கொடியில் காயப் போட்ட துணி காயாமல் பிசுபிசுக்கிறதைக் கொண்டே கடல் எந்தத் திசையில் இருக்கிறதென்று சொல்லிவிடலாம். இந்தக் கரையில் முத்தெடுத்த காலம் மலையேறிவிட்டது. 1961-ல் நடந்ததுதான் கடைசி அரசாங்க முத்துக்குளிப்பு. உப்பு மட்டும் இன்றுவரை ஓயவில்லை; பாத்தியிலும் விளைகிறது, வீட்டு இரும்பிலும் விளைகிறது.

சென்ற ஐப்பசியில் அந்த உப்போடு எங்கள் வீட்டில் ஒரு யுத்தமே நடந்தது. காரணம், ஒரு ஜன்னல்.

சாதாரண ஜன்னல் இல்லை. அதை நாங்கள் 'தூக்கு ஜன்னல்' என்போம். இரண்டு கதவாகத் திறக்காது. ஒரே கண்ணாடிச் சட்டம், அதற்கு மேல் விளிம்பில் மட்டும் இரண்டு கீல். கம்பிக்கு வெளியே கையை விட்டுக் கீழ்ப் பக்கத்தைத் தள்ளினால் வெளிப்புறமாக உயர்ந்து நிற்கும். பெட்டிக் கடைக்காரர் காலையில் முன் தட்டியைத் தூக்கிக் கம்பு முட்டுக் கொடுக்கிறாரே, அதே தத்துவம்தான். கம்புக்குப் பதில் இதற்குத் துளைகள் போட்ட ஓர் இரும்புத் தகடு. எந்தத் துளையை முளையில் மாட்டுகிறோமோ அந்த அளவுக்குத் திறந்து நிற்கும். சௌகரியம் என்னவென்றால், பாதி திறந்திருந்தாலும் தூறல் உள்ளே வராது, சட்டமே குடையாகிவிடும்.

இது எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு தனிக் கதை. 1964-ல் என் மாமனார் இந்த வீட்டைக் கட்டும்போது, தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கிட்டங்கியை இடித்துச் சாமான்களை விற்றார்கள். மாமனாருக்கு மலிவு என்றால் தனிப் பிரியம். பர்மாத் தேக்கு என்று கேட்டதும் விலை பேசி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்துவிட்டார். கீழ்ச் சுவரில், சின்ன அறைக்கு அதைப் பொருத்தினார்கள். "உங்க மாமா முத்து வாங்கிட்டு வருவாகன்னு பார்த்தேன், ஜன்னலோட வந்து நின்னாக" என்று என் அத்தை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுபது வருஷம் உழைத்த அந்த ஜன்னல்தான் திடீரென்று மூட மாட்டேன் என்றது. இடது கீழ் மூலை நிலையோடு ஒட்டுகிறது. வலது கீழ் மூலை ஓர் அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அழுத்தினால் உள்ளே வருகிறது, கையை எடுத்தால் பழையபடி வெளியே போகிறது. கொண்டி எட்டவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒரு கயிற்றை எடுத்துவந்து சட்டத்தை ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினார். ஆண்கள் 'ரிப்பேர்' என்று சொல்வதில் முக்கால்வாசி இந்த ரகம்தான்.

வேறு வருஷமாயிருந்தால் நானும் கயிற்றோடு விட்டிருப்பேன். ஆனால் அந்த மாதம் என் மகளைத் தலைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். எட்டு மாதம். அந்தச் சின்ன அறைதான் அவளுக்கு. கட்டில் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே. மழை எங்களுக்குக் கிழக்கிலிருந்துதான் வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஜில்லாவில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் படகு போயிற்று. அந்த ராத்திரி இந்த ஜன்னல் மூடியிருந்ததால்தான் அந்த அறையில் அரிசி மூட்டை நனையாமல் பிழைத்தது. இப்போது அதே இடத்தில் பிள்ளைத்தாச்சிப் பெண் படுத்திருக்கிறாள். இன்னும் சில வாரத்தில் பச்சைக் குழந்தை படுக்கும். ரேடியோவிலோ, இரண்டு நாளில் கனமழை என்கிறார்கள். கயிற்றை நம்பி நான் எப்படித் தூங்குவது?

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினேன். கையில் மின்சார இழைப்புளியோடு வந்தார். ஜன்னலை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். இடது பக்கச் சட்டத்தில் ஓர் இடம் உராய்ந்து உராய்ந்து பளபளத்திருந்தது. "இங்கேதாம்மா பிடிக்குது. மழை ஈரத்துல மரம் உப்பிட்டு. கால் அங்குலம் இழைச்சு எடுத்துட்டா சரியாயிரும். பத்து நிமிஷ வேலை" என்றார்.

எனக்குப் பக்கென்றது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம், பின்கட்டுக் கதவு இறுகுகிறதென்று இதே மாதிரி இழைத்தோம். அன்றைக்குக் கதவு வெண்ணெயாய் மூடியது. சித்திரை வெயில் வந்ததும் மரம் காய்ந்து சுருங்கி, கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி மட்டுமில்லை, பல்லியைத் துரத்துகிற பூனையும் போகிற அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டது. மரம் நீளவாட்டில் அதிகம் மாறுவதில்லை. குறுக்குவாட்டில்தான் ஈரத்தைக் குடித்து விரியும், வெயிலில் சுருங்கும். மழைக் காலத்தில் இழைத்த மரத்தைக் கோடையில் ஒட்டவைக்க முடியாது. இறுகுகிற கதவைப் பங்குனி, சித்திரையில் பார்த்து, அப்போதும் இறுகினால்தான் இழைக்க வேண்டும். அதுவும் நாட்டு மரம் உப்புகிற அளவுக்குத் தேக்கு உப்பாது. அறுபது வருஷம் உப்பாத பர்மாத் தேக்கு இந்த வருஷம் மட்டும் என்ன கோபத்தில் உப்பும்?

தம்பிக்குக் காப்பி கொடுத்து, அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் என்று அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரருக்குக் கோபம். "வந்த ஆளையும் திருப்பி அனுப்பிட்டியே, மழை உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

தெருக்கோடியில் ஒரு கிழ ஆசாரி இருக்கிறார். வேலையை விட்டுப் பல வருஷமாயிற்று, மகன்கள் சம்பாதிக்கிறார்கள். அவருடைய தகப்பனார் தூத்துக்குடியில் தோணி வேலை பார்த்தவர். புதுத் துறைமுகம் வருவதற்கு முன்பு கரையோரம் ஆழம் போதாமல், கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் தோணியில்தான் வந்து இறங்கும். அந்தத் தோணிகளைப் பழுது பார்த்த குடும்பம். உப்புக்கும் இரும்புக்கும் உள்ள விரோதத்தை அவர்களைவிட யார் அறிவார்கள்? நானே போய்க் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, வேலை செய்ய வேண்டாம், வந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்" என்றேன்.

அவர் வந்தார். இழைப்புளி கொண்டுவரவில்லை. "ஒரு பழைய காயிதம் கொடு தாயி" என்றார். வாரப் பத்திரிகையின் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். (படித்து முடித்த பத்திரிகைதான்!) அதை நாலு விரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழித்தார். சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவே ஒவ்வொரு இடமாக அந்த நாடாவை வைத்து, என்னை ஜன்னலை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நாடாவை உருவிப் பார்த்தார். கீழே வலது மூலையில் காற்றில் உருவுவதுபோல் வந்தது. பக்கங்களில் லேசாகப் பிடித்தது. மேலே வலது கீலுக்குப் பக்கத்தில் வைத்தார். முதலை கவ்வின மாதிரி பிடித்துக்கொண்டது. இழுத்ததில் காகிதம் கிழிந்தது.

"நோவு இங்க இருக்கு. நீங்க அங்க தைலம் தேய்க்கிய" என்றார்.

வெளியே முக்காலி போட்டு ஏறிக் கீலை உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி, "இந்தப் பித்தளைக் கீலை மாட்டினது யாரு?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் மெதுவாகத் தினசரியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

ஆறு வருஷத்துக்கு முன் வலது பக்க இரும்புக் கீல் துருப்பிடித்து உடைந்தது. இவர் மதுரைக்குப் போயிருந்தபோது, இனிமேல் துருப்பிடிக்கவே கூடாதென்று அழகான பித்தளைக் கீல் ஒன்று வாங்கி வந்து தம் கையாலேயே மாட்டினார். ஆனால் திருகாணிகள் மட்டும் வீட்டில் கிடந்த பழைய இரும்புத் திருகாணிகள். அங்கேதான் வினை. பித்தளையும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு ஈரமும் சேர்ந்தால், அது சின்ன மின்கலம் மாதிரி ஆகிவிடுகிறது. பித்தளை பிழைத்துக்கொள்ளும், இரும்பு தனியாக இருந்தால் துருப்பிடிப்பதைவிடச் சீக்கிரம் அரித்துப் போகும். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கிற சாமான். திருகாணித் தலைகள் பருத்து, கீலின் மட்டத்துக்கு மேலே எழும்பி நின்றன. ஜன்னலை மூடும்போது கீலின் இரண்டு இதழும் ஒன்றோடொன்று படிந்து மடங்க வேண்டும். நடுவே ஆணித் தலை நின்றால் எப்படி மடங்கும்?

"அது எவ்வளவு இருக்கப் போகிறது, ஓர் அரை மில்லிமீட்டர். அதற்குக் கீழே ஓர் அங்குலமா துருத்தும்?" என்று தினசரிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

என் மகள் ரசாயனத்தில் பட்டம் வாங்கியவள். கட்டிலில் படுத்தபடியே கணக்குப் போட்டுவிட்டாள். "அப்பா, ஆணித் தலை கீலின் அச்சிலிருந்து அரை அங்குலத்தில் இருக்கு. சட்டத்தின் அடி விளிம்பு இரண்டடி, அதாவது 24 அங்குலம் தள்ளி இருக்கு. 48 மடங்கு. அரை மில்லிமீட்டர் கீழே வரும்போது 24 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஓர் அங்குலம்தான்."

இடது கீல் பழைய இரும்புக் கீல். அதில் கோளாறு இல்லை. ஆகவே இடது மூலை ஒழுங்காக மூடியது. வலது பக்கம் மட்டும் வெளியே தள்ளப்பட்டதால் சட்டம் கோணி, இடது பக்கம் போய் நிலையில் உராய்ந்தது. பட்டறைத் தம்பி கண்ட பளபளப்பு அதுதான். அந்த இடத்தை இழைத்திருந்தால் நல்ல மரம் போயிருக்கும், வலது மூலை அப்படியே நின்றிருக்கும். மூடாத கதவு எங்கே இடிக்கிறதோ அங்கே குற்றம் இருக்க வேண்டுமென்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தாறு வயசாயிற்று.

வேலை மறுநாள் காலை என்று தீர்மானமாயிற்று. ஆசாரி தாமே செய்வதாகச் சொல்லிவிட்டார். கை துறுதுறுத்துவிட்டது போலும். போகும்போது திருகாணித் தலைகளில் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விட்டு, "ராத்திரி ஊறட்டும்" என்றார். வீட்டுக்காரர் பித்தளைத் திருகாணி வாங்கத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். தையல் பெட்டியில் ஊசி பொறுக்க நான் வைத்திருக்கிற காந்தத்தை அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்பினேன். மஞ்சளாய் மின்னுவதெல்லாம் பித்தளை இல்லை. இரும்புக்கு மேலே மஞ்சள் முலாம் பூசியதும் கடையில் உண்டு. காந்தத்தில் ஒட்டினால் அது வேஷக்காரத் திருகாணி. முதல் கடையில் கொடுத்தது ஒட்டியதாம். மூன்றாவது கடையில்தான் உண்மையானது கிடைத்தது.

இதற்கிடையில் சாயங்காலம் இன்னொரு விவாதம். அந்த ஜன்னல் சட்டத்தில் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த பெயிண்ட் தோசைமாதிரி அடுக்கடுக்காக இருந்தது. கீல் ஓரத்தில் அதையும் சுரண்டி எடுத்தால்தான் நன்றாகப் படியும். "உப்புத்தாள் போட்டு நானே தேய்த்து வைக்கிறேன்" என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர். மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, வேண்டாம்! பழைய பெயிண்டில் காரீயம் இருக்கும்."

அவள் சொன்னதை நான் இங்கே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இதைப் படிக்கிற எத்தனையோ வீடுகளில் பிள்ளைத்தாச்சிகளும் தவழ்கிற குழந்தைகளும் இருப்பார்கள். அந்தக் காலத்து வெள்ளைப் பெயிண்டிலும், இரும்புக்கு அடிக்கிற செந்தூர நிறப் பூச்சிலும் காரீயம் தாராளமாகச் சேர்த்தார்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாதென்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்ததில் என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல முடியாது. சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை தொல்லை இல்லை. உலர்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தால் மாவுமாதிரித் தூசி பறக்கும். மூச்சிலும் சாப்பாட்டிலும் கலக்கும். கர்ப்பிணியின் உடம்பில் சேர்ந்த காரீயம் வயிற்றுக் குழந்தையையும் எட்டும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது விரோதி. (ரசம் வைக்கிற ஈயச் சொம்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். நல்ல சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. அது வேறு உலோகம். வாங்கும்போது நம்பிக்கையான இடத்தில் வாங்கினால் சரி.)

மழைக்குப் பயந்து ஜன்னலைப் பழுது பார்க்கப் போய், மழையைவிடப் பெரிய ஆபத்தை அந்தக் கட்டில்மேல் கொட்டப் பார்த்தோம். அன்று ராத்திரி அதை நினைத்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டேன். அறையிலிருந்த துணிமணி, படுக்கை எல்லாவற்றையும் வெளியேற்றி, கட்டிலைப் பழைய சேலையால் மூடினோம். அறைக் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத் துணி திணித்தேன். ஜன்னலுக்கு வெளியே தரையில் பழைய சாக்கை விரித்தோம். ஆசாரியும் வீட்டுக்காரரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார்கள். அந்தக் கொரோனாக் காலத்து முகமூடிகள் நல்லவேளை இரண்டு மிச்சமிருந்தன.

முதல் காரியம், சட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது. இந்த ரக ஜன்னலில் பாரம் முழுவதும் மேல் கீலில்தான் தொங்குகிறது. ஒரு கீலைக் கழற்றினால் மற்றது பாரம் தாங்காமல் பிய்ந்து, கண்ணாடியோடு தலைமேல் விழும். நூல் கயிற்றைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து, உள்ளேயிருக்கும் ஜன்னல் கம்பியில் இரண்டு இடத்தில் கட்டினார்கள். (பார்த்தீர்களா, வீட்டுக்காரரின் கயிறு வீணாகவில்லை.) அதற்கு மேலும் ஓர் ஆள் கீழே கைகொடுத்து நிற்க வேண்டும். மாடி வீடுகளில் இருக்கிற சகோதரிகள் தயவுசெய்து இதில் இறங்க வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டிச் செய்கிற வேலை எதுவானாலும் அதற்குரிய ஆளை அழைப்பதுதான் சரி.

திருகாணிகளைக் கழற்றுவதில் ஆசாரி செய்த ஒரு வித்தை எனக்குப் புதிது. துருவேறிய திருகாணியைக் கழற்ற, முதலில் இன்னும் இறுக்குவதுபோல் திருப்புளியைத் துளி வலப்பக்கம் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். துருவின் பிடி விட்டுவிட்டது. பிறகு இடப்பக்கம் திருப்பியதும் முனகிக்கொண்டே வெளியே வந்தது. ஆறில் ஐந்து இப்படி வந்தன. ஆறாவதின் தலையே தூளாகக் கையில் வந்தது. மிச்சத்தைத் துளை போட்டு எடுத்தார். வெளியே எடுத்தவற்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தலை பருத்து, உடம்பு குச்சியாய் மெலிந்து, நோயாளி மாதிரி இருந்தன. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் புயல் காற்றில் ஜன்னலே பறந்திருக்கும் என்றார்.

கீல் ஓரத்துப் பெயிண்டைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஈரமாக வைத்தே மொக்கை உளியால் சுரண்டினார்கள். ஏழு நிறம் வந்தது. பச்சை, சாக்லேட், மறுபடி பச்சை, நீலம், அதற்கு அடியில் ஒரு சந்தன நிறம். அந்தச் சந்தன நிறம் நான் கல்யாணமாகி வந்த வருஷம் அடித்தது. சுரண்டியது சாக்கில் விழ, சாக்கைச் சுருட்டி, உறையில் கட்டித் தனியாக அகற்றினோம். எரிக்கக் கூடாது, எரித்தால் புகையில் போகும்.

பிறகு கழுவுதல். இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்கிறோம். கீல் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம். உப்பின்மேல் எண்ணெய் விட்டால் உப்பு உள்ளேயே இருந்து தின்றுகொண்டிருக்கும். முதலில் தண்ணீரில் கழுவி உப்பை எடுத்து, துடைத்து உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய். நான் போர்த் தண்ணீரை வாளியில் கொண்டுவந்தேன். ஆசாரி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பை உப்பாலயே கழுவச் சொல்லுதியளா தாயி?" என்று சிரித்தார். குடத்திலிருந்த தாமிரபரணித் தண்ணீரைத்தான் கொடுத்தேன்.

பழைய திருகாணிகள் இருந்த துளைகள் மரத்தில் பெரிதாகிவிட்டிருந்தன. தேக்குக் குச்சியைச் சீவி, பசை தடவி அடித்து அடைத்தார். பித்தளைத் திருகாணி மெதுவானது, கெட்டி மரத்தில் அழுத்தித் திருகினால் கழுத்து முறிந்துவிடும். அதனால் அதே அளவு இரும்புத் திருகாணி ஒன்றை முதலில் ஏற்றி மரத்தில் வழி பண்ணி, அதைக் கழற்றிவிட்டு, பித்தளைத் திருகாணியைச் சோப்பில் ஒரு தேய்ப்புத் தேய்த்து ஏற்றினார். ஆறும் வழுக்கிக்கொண்டு போய் மட்டமாக உட்கார்ந்தன. பித்தளைக்குப் பித்தளை. அந்தத் துளைத் தகடும் லேசாக வளைந்திருந்தது; கல்லின்மேல் வைத்து இரண்டு தட்டு.

கயிற்றை அவிழ்த்தார்கள். ஜன்னலை நான்தான் மூடினேன். நாலு மூலையும் ஒரே சமயத்தில் நிலையில் போய் உட்கார்ந்து, கொண்டி தானாக எட்டியது. மறுபடி காகித நாடாப் பரீட்சை. சுற்றிலும் ஒரே மாதிரி, மெதுவான பிடி. எங்கும் முதலை இல்லை. இடது பக்கத்தில் ஒரு சீவல்கூடச் சீவவில்லை.

எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெயை எடுத்தேன். அதுவும் கூடாதாம். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளாக நாளாகப் பிசினாகித் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய்தான் உத்தமம். ஒரு கீலுக்கு ஒரு சொட்டு.

சென்னையில் அடுக்கு மாடி வீட்டிலிருக்கும் என் தங்கை இதைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டு அலுமினிய ஜன்னலும் இதே மாதிரி மேலே தூக்குவதுதான் அக்கா, அதற்குக் கீலே இல்லையே!" என்றாள். இருக்கிறது, வேறு உருவத்தில். இரண்டு பக்கமும் மடங்கி நீளும் உலோகக் கைகள்தான் அங்கே கீல். மூடாமல் நின்றால் அந்தக் கை ஓடும் தடத்தில் மணலும் உப்பும் சேர்ந்திருக்கிறதா, சுற்றியுள்ள ரப்பர் பட்டை மடிந்து நடுவில் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதிக்குப் பாதி அதிலேயே தீரும். கை வளைந்துபோயிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் சட்டம் கோணும். கடற்கரை ஊர்களில் எவர்சில்வர் என்றாலே துருப்பிடிக்காதென்று நம்ப வேண்டாம். சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகம் உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். 316 என்று கேட்டு வாங்கினால் விலை கூடும், ஆனால் தாங்கும்.

சாயங்காலம் தரையையும் நிலையையும் ஈரத் துணியால் இரண்டு தரம் துடைத்த பிறகுதான் மகளை உள்ளே விட்டேன். ஆசாரி கூலி வாங்க மாட்டேன் என்றார். வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார். "ஐப்பசிக்கு முந்தி ஒரு தரம், தை பொறந்ததும் ஒரு தரம், நல்ல தண்ணி தொட்டுத் துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. பெயிண்ட் இப்ப அடிக்காதிய, மரம் காயட்டும். சித்திரையில வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரி பதினொரு மணிக்கு மழை பிடித்தது. வாடையும் கொண்டலும் சேர்ந்து கிழக்குச் சுவரில் அறைந்தது. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலின் அடிக் கட்டையைக் கையால் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. மறுபடி ஒரு மணிக்குப் போய்த் தடவினேன். உலர்ந்துதான் இருந்தது. மூன்றாம் தரம் போனபோது மகள் விழித்துக்கொண்டு, "அம்மா, போய்ப் படு" என்றாள்.

விடியற்காலை காற்று நின்று, மழை மட்டும் நேராக விழுந்துகொண்டிருந்தது. காப்பியோடு போனால் அவள் ஜன்னலைத் திறந்து முதல் துளையில் மாட்டிவிட்டு, அதன் கீழே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிமேல் தண்ணீர் ஓடி வெளியே விழுந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. மண் வாசனை மட்டும் வந்தது. "புழுக்கமா இருந்துச்சு" என்றாள்.

பேத்திக்கு இப்போது மாதம் ஐந்து ஆகிறது. பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறோம். டப்பாவில் காரீயம் இல்லை என்று அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். நிறம்தான் தகராறு. இவர் பச்சை என்கிறார். நான் சந்தனம் என்கிறேன். ஆசாரி வரட்டும்.